நாற்பது குடும்பத்துக்கு ஒரு பேர்ச்: எழுவான்கரையில் ஒரு புதுக் குடியிருப்பின் குப்பைக் கணக்கு

காணியைத் துண்டு போடும்போது வீதிக்கு, வடிகாலுக்கு, மின்கம்பத்துக்கு, நீர்க்குழாய்க்கு என்று வரைபடத்தில் கோடு விழும். குப்பைக்கு விழாது. எல்லாம் முடிந்த பிறகு எந்தத் துண்டிலும் சேராத ஒரு முக்கோண மூலை மிஞ்சும். அதுதான் குப்பை மூலை. எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரையில், அந்த மூலை பெரும்பாலும் வாவிப் பக்கம் ஒதுங்கிய, வளவிலேயே பள்ளமான இடம். மாரியில் தண்ணீர் முதலில் நிற்பதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். குப்பை வண்டி போக முடியாத இடமும் அதுவே. பிறகு நடப்பதற்கெல்லாம் குடியிருப்பவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பிழை நில அளவைப் படத்திலேயே நடந்துவிட்டது.

காணி

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரித் திட்டம். எந்த ஒரு வளவையும் இது சுட்டவில்லை. கல்லடி தொடக்கம் களுவாஞ்சிகுடி வரை கல்முனை வீதியோரம் துண்டு துண்டாக விலைப்படும் காணிகளின் அளவையும் சாய்வையும் வைத்துப் போட்ட கணக்கு.

காணி 2 ஏக்கர், அதாவது 320 பேர்ச். கிழக்கே பிரதான வீதி, மேற்கே வாவி, நிலம் மணல், சாய்வு வாவியை நோக்கி. 7.5 பேர்ச் வீதம் 28 வீட்டுத் துண்டு. இன்னொரு 30 பேர்ச்சில் நான்கு தள மாடி, தளத்துக்கு மூன்று வீடாக 12. மிச்சம் 80 பேர்ச் 20 அடி உள்வீதிக்கும் பொதுத் தேவைக்கும். ஆக 40 குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 160 பேர். கடைசி வீட்டிலிருந்து வாசல் கேற்றுக்கு ஏறத்தாழ 130 மீற்றர் நடை.

வழக்கமான வரைபடத்தில் குப்பைக்கு விட்டிருப்பது மேற்கு மூலையில் ஒரு வெற்றிடம். அதை அழித்துவிட்டுத் தொடங்குவோம்.

எடை ஒரு பக்கம், இடம் இன்னொரு பக்கம்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்று வைத்தால் வளவு முழுவதும் நாளுக்கு 80 கிலோ. இதில் உக்கும் ஈரக் குப்பை 60 வீதம், விற்கவோ மீள்சுழற்சிக்குக் கொடுக்கவோ கூடிய காய்ந்த பொருள் 20 வீதம், ஒன்றுக்கும் உதவாத மிச்சம் 20 வீதம் என்று பிரித்தோம். பம்பர்ஸ், அழுக்குப் பொலித்தீன், கூட்டிய மண் எல்லாம் மிச்சத்தில் சேரும். இவை திட்டமிடுவதற்கான எண்கள். உங்கள் ஊரில் பத்து வீட்டுக் குப்பையை ஒரு கிழமை நிறுத்துப் பார்த்தால் இதைவிட நல்ல எண் கிடைக்கும். ஒரு தராசும் எட்டு உரப்பையும் போதும்.

எடையை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஈரக் குப்பை லீற்றருக்கு 400 கிராம் வரும். மிதிக்காத பிளாஸ்டிக் போத்தலும் மடிக்காத காட்போட் பெட்டியும் லீற்றருக்கு 50 கிராம்தான். மிச்சக் குப்பை 150 கிராம். அப்படிப் பார்த்தால் நாளுக்கு ஈரம் 48 கிலோ, ஆனால் 120 லீற்றர். காய்ந்தது 16 கிலோ, ஆனால் 320 லீற்றர். மிச்சம் 16 கிலோ, 107 லீற்றர். தூக்குபவரின் முதுகை உடைப்பது ஈரம். கொட்டிலை நிரப்புவது காய்ந்த குப்பை. இரண்டுக்கும் ஒரே அளவு தொட்டி வாங்கி வரிசையாக வைத்தால் ஒன்று தூக்க முடியாமல் கிடக்கும், மற்றது இரண்டு நாளில் வழியும்.

கட்டடக் கலைஞர்கள் சிலர் பிரிட்டனின் பிஎஸ் 5906 தரத்திலுள்ள சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போடுவதுண்டு: படுக்கை அறைக்கு 70 லீற்றர், அதோடு வீட்டுக்கு 30 லீற்றர், கிழமைக்கு. மூன்று அறை வீட்டுக்கு அது 240 லீற்றர்; 40 வீட்டுக்கு 9,600. நம் கணக்கில் கிழமைக்கு வருவது ஏறத்தாழ 3,830 லீற்றர். அந்தச் சூத்திரம் பெட்டியும் பக்கற்றும் நிறைந்த அங்காடிக் குப்பைக்கு எழுதப்பட்டது. மீன் செதிலுக்கும் தேங்காய்ப்பூச் சக்கைக்கும் அல்ல. அதை இங்கே போட்டால் இடம் இரண்டரை மடங்கு வீண். வீணானாலும் பரவாயில்லை, ஈரத்தின் பாரத்தை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

எத்தனை நாள் தாங்க வேண்டும்

தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது குடும்ப எண்ணிக்கை மட்டுமல்ல, வண்டி வராத நாளும்தான். திங்களும் வியாழனும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு சமையலின் மீன், இறைச்சிக் கழிவு மறுநாள் காலையிலேயே போய்விடும். அதனால் திங்கள் நல்ல நாள். இடைவெளி மூன்று நாள், பிறகு நாலு நாள். திங்களில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால்? வியாழனிலிருந்து வியாழன் வரை ஏழு நாள். வியாழன் தவறினாலும் அதே ஏழுதான். இது விபத்தல்ல, ஆண்டில் பல தடவை வரும் சாதாரண சங்கதி. ஆகவே ஈரத்துக்கும் மிச்சத்துக்கும் ஏழு நாள். காய்ந்தது கிழமைக்கு ஒரு தடவை. ஒன்று தவறினால் பதினாலு நாள்.

குப்பை போய்ச் சேரும் கடைசி இடத்தில் சிக்கல் வந்தால் வண்டி எங்கும் நகராது. 2017 ஏப்ரல் 14இல் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மட்டக்களப்பில் திருப்பெருந்துறைக் குப்பை மேடு தீப்பற்றி எரிந்தது, ஊர் எதிர்த்து நின்றது. அப்படிப்பட்ட கிழமையில் வளவுக்குள் இருக்கும் குப்பை வளவுக்குள்ளேயே இருக்கும். வாசலில் பை பையாகக் குவியாமல் அதைத் தாங்குவதற்கு ஏழு நாள் என்பது ஆடம்பரமில்லை.

ஈரத்தை வீட்டோடு நிறுத்துவது

எங்கள் தீர்ப்பு இது: மண் உள்ள வீட்டின் ஈரக் குப்பை அந்த வீட்டு மதிலைத் தாண்டக் கூடாது. 28 வீடும் உக்க வைத்தால் நாளுக்கு 33.6 கிலோ வளவுக்குள்ளேயே தீர்ந்துவிடும், பொதுக் கொட்டிலுக்கு மாடியின் 14.4 கிலோ மட்டும் வரும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் மேய்வதும், செத்த யானைகளின் வயிற்றில் பொலித்தீன் கிடந்ததும் உலகச் செய்தியாகின. யானை பொலித்தீனைத் தேடிப் போகவில்லை. சோறும் கறியும் கட்டி எறிந்த சொப்பிங் பையைத்தான் தேடிப் போனது.

வீட்டுக்கு இரண்டு கொம்போஸ்ட் பீப்பா, ஒவ்வொன்றும் 200 லீற்றர் அளவில். ஒன்று போதாது, ஏனென்றால் நிரப்பும் பீப்பாவில் உக்கி முடியாது. வீட்டின் ஈரம் நாளுக்கு 3 லீற்றர், அதே அளவு காய்ந்த சருகு, ஆக 6. மூன்று மாதத்தில் 540 லீற்றர். உக்கும்போது மூன்றில் ஒன்றாகச் சுருங்கி 180. முதல் பீப்பா நிரம்பியதும் மூடிவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். அது நிரம்பும் முன் முதலாவது பசளையாகிவிடும்.

அடியில் அரை அடிக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும் போட வேண்டும், காற்றுப் போக. மீன் குடல், தலை போட்ட நாளில் அதன் மேல் நாலு விரல் சருகு போட்டுக் கொஞ்சம் மண்ணும் தூவ வேண்டும். திறந்து விட்டால் இரண்டு நாளில் புழு நெளியும், மூன்றாம் நாள் கபரகொய்யா (நீருடும்பு) வந்து பீப்பாவைச் சாய்க்கும். அழுகல் மணம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். தேங்காய் மட்டையை முழுதாகப் போட்டால் ஓராண்டு கழித்தும் மட்டையாகவே எடுப்பீர்கள். அது தென்னை அடிக்கு. சிரட்டை அடுப்புக்கு, அல்லது கவிழ்த்து வைக்க. நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் மழை நீர் பட்டால் ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறக்கும்.

எழுவான்கரையில் இந்தப் பீப்பாக்கள் கைவிடப்படுவதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதி நிலத்தடி நீர். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் கொட்டும். மணலில் நீர் மட்டம் கையால் தோண்டித் தொடும் அளவுக்கு ஏறும். அடிப்பாகம் இல்லாத பீப்பாவை நேரே மணலில் புதைத்து வைத்தால் மார்கழியில் அது தண்ணீருக்குள் நிற்கிறது. காற்றில்லாமல் அழுகி நாறும், அந்தச் சாறு கிணற்றைப் பார்த்துப் போகும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வந்தாலும் குளிக்க, கழுவக் கிணறுதான் பல வீட்டில். எனவே பீப்பாவை ஒன்றரை அடி உயரப் புளொக் கல் மேடையில், கொங்கிறீட் தட்டின் மேல் ஏற்ற வேண்டும். மேடை தன் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் எதிர் மூலையில். 7.5 பேர்ச் துண்டில் அந்த மூலையை வீடு கட்டிய பிறகு தேட முடியாது. துண்டு வரைபடத்திலேயே 4 அடிக்கு 6 அடி குறித்து விட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் எல்லாரும் உக்க வைக்கப் போவதில்லை. பாதிப் பேர் செய்வார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுவதே நேர்மை. மாடியிலிருந்து நாளுக்கு 36 லீற்றர், உக்க வைக்காத 14 வீட்டிலிருந்து 42. ஏழு நாளுக்கு 546 லீற்றர் ஈரம்.

இதை 240 லீற்றர் தொட்டியில் போடக் கூடாது. சக்கரத் தொட்டிகளுக்கான ஐரோப்பிய ஈஎன் 840 தரத்தில் தாங்கும் பாரம் லீற்றருக்கு 0.4 கிலோ, 240 லீற்றர் தொட்டிக்கு 96 கிலோ. ஈரத்தால் விளிம்பு வரை நிரப்பினால் சரியாக அந்த 96 கிலோவைத் தொடும். தூக்கிக் கவிழ்க்கும் பொறி உள்ள வண்டிக்கு அது பிரச்சினையில்லை. இங்கே பல நாளில் வருவது உழவு இயந்திரப் பெட்டி. இரண்டு பேர் கையால் தூக்கி நெஞ்சளவு உயரத்துக்கு மேலே கவிழ்க்க வேண்டும். 120 லீற்றர் தொட்டியை மூன்றில் இரண்டு, அதாவது 80 லீற்றர் வரை நிரப்பினால் 32 கிலோ. அது இரண்டு பேரால் முடியும். தொட்டியின் வெளியே அந்த உயரத்தில் இரண்டு விரல் அகலத்தில் வெள்ளைப் பெயின்ற் கோடு அடித்து விடுங்கள். 546ஐ 80ஆல் வகுத்தால் ஏழு தொட்டி, கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்க ஒன்று. மொத்தம் எட்டு.

மதில் மாடம்

130 மீற்றர் நடந்து வந்து யாரும் குப்பை போட மாட்டார்கள். பிரிட்டனின் கட்டட விதியே குடியிருப்பவர் குப்பை தூக்கிப் போகும் தூரத்தை 30 மீற்றருக்குள் நிறுத்துகிறது. அந்த ஊர் வெயில் நம் வெயிலல்ல. அதனால் 28 வீட்டுக்கும் முன் மதிலில் ஒரு மாடம் வைத்தோம். அகலம் 75, ஆழம் 45, உயரம் 120 சென்ரிமீற்றர். உள்ளே ஒரு கதவு, வீதிப் பக்கம் ஒரு கதவு. கீழே மூடியுள்ள 20 லீற்றர் வாளி இரண்டு, மேலே கொழுவியில் ஒரு யூரியாப் பை. மாடத்தின் அடித்தளம் தரையிலிருந்து ஒரு அடி மேலே, நாய்க்கும் வெள்ளத்துக்கும்.

எண்கள் பொருந்துகின்றனவா? ஒரு வீட்டின் மிச்சக் குப்பை ஏழு நாளுக்கு 19 லீற்றர்: ஒரு வாளி. உக்க வைக்காத வீட்டின் ஈரம் 21 லீற்றர்: மற்ற வாளி, கொஞ்சம் அழுத்தினால். காய்ந்தது கிழமைக்கு 56 லீற்றர்; 50 கிலோ யூரியாப் பை ஏறத்தாழ 65 லீற்றர் கொள்ளும். மாடத்துக்குத் தகரக் கதவு போட்டால் உப்புக் காற்றில் சில ஆண்டில் பிணைச்சல் உதிரும். அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் பலகை போதும். கொக்கி மட்டும் மாடும் ஆடும் முட்டித் திறக்காத மாதிரி மேலிருந்து விழும் வகை.

வளவுப் பராமரிப்பாளர், சபை வண்டி எடுக்கும் நாளுக்கு முந்திய பின்னேரம் தள்ளுவண்டியோடு போய் மாடங்களிலிருந்து கொட்டிலுக்குக் கொண்டு வருவார். ஒரு தடவைக்கு மிச்சக் குப்பை 300 லீற்றர் சொச்சம். அரைக் கனமீற்றர் வண்டியில் ஈரத்துக்கு ஒரு நடை, மிச்சத்துக்கு ஒரு நடை. மாடிக்காரர் தாங்களே இறங்கி வந்து போடுவார்கள். மாடிப்படித் திருப்பத்தில் தொட்டி வைக்க வேண்டாம், தீ வந்தால் ஓடும் வழி அது. மேலிருந்து கீழே குழாய் வழி குப்பை தள்ளும் ஏற்பாடும் வேண்டாம்: ஒரு குரும்பை சிக்கினால் போதும், நான்கு தளத்துக்கும் கரப்பான் வளர்க்கும் குழாயாகிவிடும்.

கொட்டில்

இடம்: வாசல் கேற்றின் உட்புறம், வீதியிலிருந்து 10 மீற்றருக்குள், மாடி வீட்டு ஜன்னல்களிலிருந்து 8 மீற்றராவது தள்ளி. "வாசலிலேயே குப்பையா" என்ற முணுமுணுப்பு நிச்சயம் வரும். வாசலில் இருந்தால் சுத்தமாக வைத்திருப்பார்கள், பின்னால் இருந்தால் மறந்து விடுவார்கள் என்பதே எங்கள் பதில். வேறு ஒரு காரணமும் உண்டு. உள்வீதி உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்படாத வரை அது தனியார் வீதி. சபை வண்டி அதற்குள் வர வேண்டிய கட்டாயமில்லை.

உள்ளே வைப்பது: மிச்சத்துக்கு 240 லீற்றர் தொட்டி நாலு (ஏழு நாளுக்கு 750 லீற்றர், முட்ட நிரப்பாமல், நிரம்பினாலும் ஒன்று 36 கிலோதான்), ஈரத்துக்கு 120 லீற்றர் எட்டு, காய்ந்ததுக்கு 1.2 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம், 1.2 மீற்றர் உயரத்தில் வலைக்கூடு மூன்று. மூன்று கூடும் சேர்ந்து 4,320 லீற்றர். பதினாலு நாளில் வருவது 4,480. குறைகிறதே என்று நாலாவது கூடு செய்ய வேண்டாம். போத்தலை மிதித்து மூடியைத் திருகி, காட்போட்டைப் பிரித்துத் தட்டையாக்கினால் பாதி இடம் மிஞ்சும். ஒரு கூடு கடதாசிக்கு, ஒன்று பிளாஸ்டிக்குக்கு, மற்றதில் இடையில் பலகை வைத்துக் கண்ணாடியும் தகரமும். நிறம் மத்திய சுற்றாடல் அதிகார சபை சொன்னபடி: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். மிச்சத்துக்குக் கறுப்பு.

240 லீற்றர் தொட்டி 58 சென்ரிமீற்றர் அகலம், 73 ஆழம். 120 லீற்றர் 48க்கு 55. தொட்டிகளுக்கிடையில் 15 சென்ரிமீற்றர் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்த வேண்டிவரும். இடச் சுவரோடு 240 நாலும் 120 நாலும்: 5.6 மீற்றர். வலச் சுவரோடு மூன்று கூடும் மிச்ச நாலு தொட்டியும்: 6.3. நடுவில் நடக்கவும் திருப்பவும் 1.5 மீற்றர். கொட்டிலின் உள்ளளவு 6.4க்கு 3.5 மீற்றர், அதாவது 22.4 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். நாற்பது குடும்பத்தின் குப்பைக்கு 320 பேர்ச்சில் ஒரு பேர்ச் கூடத் தேவைப்படவில்லை. முன் தளமும், பழைய மெத்தை, உடைந்த பிரிஜ் வைக்கும் மூலையும் சேர்த்தால் இரண்டு. இடமில்லை என்பது காரணமே அல்ல.

தரை 100 மில்லிமீற்றர் கொங்கிறீட், மேலே வழுவழுப்பான சீமெந்துப் பூச்சு. இரு சுவரிலிருந்தும் நடு வாய்க்காலுக்கு 1.75 மீற்றரில் 30 மில்லிமீற்றர் சரிவு. வாய்க்கால் முடிவில் மண் படியும் பெட்டி, அதற்குப் பிறகு மணம் திரும்பாத நீர்ப்பூட்டு. அங்கிருந்து மாடியின் கழிவுநீர்த் தொகுதிக்கு. மழை வடிகாலுக்கு விட்டால் அது வாவிக்குப் போகும். கழுவும் தண்ணீர் நூறு லீற்றர் அளவுதான்; ஆபத்து மழைத் தண்ணீர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதுமையில்லை. கூரையில்லாத 22.4 சதுர மீற்றரில் அது 2,240 லீற்றர். கழிவுத் தொட்டி அன்றே பொங்கும். ஆகவே கூரை கட்டாயம். வடகிழக்குப் பக்கம் தாழ்வாரத்தை 90 சென்ரிமீற்றர் நீட்டுங்கள், வாடைக் காற்றோடு மழை படுத்துக்கொண்டு வரும். கதவும் அந்தத் திசையைப் பார்க்க வேண்டாம்.

சுவர் 4 அடி வரை புளொக் கல், அதற்கு மேல் கூரை வரை வலை. முழுவதும் மூடிய அறை கட்டினால் கச்சான் காற்றுக் காலத்தில் உள்ளே அடுப்பு. வலைக்கண் ஒரு அங்குலம், காகத்துக்கு. கதவு இரட்டை, திறந்தால் 1.5 மீற்றர் வெளி. கதவடியில் எலி நுழையாத இடைவெளி, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். சுவர் அடியில் உள்ளே 10 சென்ரிமீற்றர் கட்டை வைத்தால் தொட்டி மோதிப் பூச்சு உடையாது. ஒரு தண்ணீர்க் குழாய், 10 மீற்றர் ஹோஸ், ஒரு விளக்கு. வரைபடத்தில் முதலில் வெட்டப்படுவது இந்தத் தண்ணீர்க் குழாய்தான். அது இல்லாத கொட்டில் ஆறு மாதத்தில் யாரும் நுழையாத கொட்டில்.

தரை மட்டம் வீதி நடுவை விட 30 சென்ரிமீற்றர் உயரம். 1க்கு 12 சரிவு என்றால் ஏறுதளம் 3.6 மீற்றர். அதற்கு முன்னும் பின்னும் 1.2 மீற்றர் அகலக் கொங்கிறீட் பாதை. இது கடலோரத்து ஊருக்கே உரிய சங்கதி: சக்கரத் தொட்டி மணலில் உருளாது. இழுத்தால் உழும், பிறகு சக்கர அச்சு வளையும், பிறகு தொட்டி அங்கேயே நிற்கும். வெறும் தொட்டி வெள்ளத்தில் மிதக்கும் என்பதால் சுவரில் ஒரு கம்பியும் கொக்கியும்.

எங்கே பிழைக்கும்

வண்டிதான் முதல் பிழை. ஆறு நிறத்தில் பிரித்து வைத்ததை ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போவதை ஒரு அம்மா ஜன்னலால் பார்த்தால் போதும். அடுத்த கிழமை யாரும் பிரிக்க மாட்டார்கள். குப்பை அகற்றுவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை: மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம், 130ஆம் பிரிவுகளும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம், 94ஆம் பிரிவுகளும் அதைச் சொல்கின்றன. கட்டட அனுமதிக்குப் போகும்போதே எந்த நாளில் எந்த வகை எடுப்பீர்கள், எந்த வண்டி என்று கடிதமாக வாங்க வேண்டும். வேறாக எடுக்க முடியாது என்றால் பொய்யாக நிறம் அடிக்க வேண்டாம். ஈரம், காய்ந்தது, மிச்சம் என்று மூன்றாகக் குறைத்து, காய்ந்ததைப் பழைய இரும்பு, போத்தல் வாங்குபவரிடம் கொடுத்து விடுங்கள். கூட்டில் பிரித்தே கிடப்பதால் அவர் அரை மணியில் ஏற்றி விடுவார்.

பம்பர்ஸ் அடுத்தது. அதற்கு இடம் சொல்லாத திட்டத்தில் அது வாவிக்கோ நெருப்புக்கோ போகும். குப்பையை வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானியோடு தடை செய்யப்பட்டது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் லஞ்ச் சீட்டும் அப்போதே தடை. கறுப்புத் தொட்டி ஏழு நாளுக்கு இருந்தால் எரிக்க வேண்டிய தேவை குறையும். அடுப்புச் சாம்பல் தணலோடு அதே தொட்டியில் விழுந்தால் தொட்டியே உருகும். சாம்பலுக்கு ஒரு தகர வாளி தனியாக.

தண்ணீர் வெட்டு நாளில் புதுத் தொட்டிகள் வீட்டுக்குள் போய்விடும், தண்ணீர் பிடிக்க. வீட்டு இலக்கமும் பெரிய எழுத்தில் "குப்பை" என்றும் சூடு வைத்து எழுதினால் ஓரளவு நிற்கும். பெருநாள், குர்பான், கலியாண வீடு: அன்றைக்கு வருவதை இந்தக் கொட்டில் தாங்காது, தாங்க வைக்கவும் வேண்டாம். அறுத்த கழிவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டிச் சொல்லித் தனி ஏற்பாடு. சாப்பாட்டுக் கழிவுக்கு அன்று மட்டும் வாடகைப் பெட்டி.

கட்டுமானக் காலமும் ஒன்று. மேசன்மார் வேலை செய்யும் ஒன்றரை ஆண்டில் சீமெந்துப் பை, உடைந்த ஓடு, பெயின்ற் ரின் எல்லாம் ஒரு மூலைக்குப் பழகிவிடும். குடிவந்தவர்களும் அதே மூலையில் போடுவார்கள். அதனால் அத்திவாரம் வெட்டும் முன் கொட்டிலைக் கட்டி, வேலைத்தளக் குப்பையையும் அங்கேயே பிரிக்க வைக்க வேண்டும்.

பத்திரத்தில்

விற்கும் கடைசி மாதத்தில் ஒரு பேர்ச்சின் விலை எல்லார் கண்ணையும் உறுத்தும். கொட்டில் வாகனத் தரிப்பிடமாவது அப்போதுதான். வீட்டுத் துண்டுகளின் பக்கம் நில அளவைப் படத்தில் அதற்குத் தனித் துண்டு இலக்கம் போட்டு, பொதுப் பாவனைக்கு ஒதுக்கியது என்று ஒவ்வொரு உறுதியிலும் எழுதுங்கள். மாடிக்கு அடுக்குமாடி வீட்டு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அதன் வரைபடத்தில் கொட்டிலுக்குப் போகும் பாதையும் பொதுப் பகுதியாகக் காட்டப்பட வேண்டும். இணக்கச் சான்றிதழுக்கு வந்து பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வாய்க்காலுக்கு ஓடுவதைக் காட்டுங்கள். தரை எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் உடைத்துப் பூச அதுதான் கடைசி நாள்.